உறைக்குள் இருந்த சுல்தான்

பழைய மஸ்கட் சின்ன ஊர். சுற்றிலும் புல் முளைக்காத கரும்பாறை மலை; எதிரே கடல். துறைமுகத்தின் இரு முனைகளிலும் போர்த்துகீசியர் காலத்து ஜலாலி, மிரானி கோட்டைகள் காவல் நிற்கின்றன. நடுவே நீலமும் பொன்னிறமுமான தூண்களோடு அல் ஆலம் அரண்மனை. அதன் அருகிலேயே ஒரு சிவன் கோயிலும் உண்டு.

1970 வரை இந்த ஊரின் வாயில்கள் இரவில் அடைக்கப்பட்டன. அதற்குப் பிறகு நடமாடுகிறவர் கையில் விளக்கு இருந்தாக வேண்டும். ஓமன் முழுவதற்கும் பள்ளிக்கூடங்கள் மூன்று. தார்ச்சாலை சுமார் 10 கிலோமீட்டர். மஸ்கட் கடைவீதியில் புழங்கியது, இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென வெளியிட்ட ரூபாய்.

அன்றைய சுல்தான் சயீத் பின் தைமூர், ஆஜ்மீர் மேயோ கல்லூரி மாணவர். அவருடைய தந்தை தைமூர் 1932இல் தானாகவே பட்டம் துறந்து, 1965இல் பம்பாயில் காலமானார். சயீதுக்கு அந்த மனம் வரவில்லை. பிரிட்டனின் ஸாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயின்று திரும்பிய ஒரே மகன் காபூஸை ஆட்சியின் பக்கமே அண்டவிடாமல் சலாலாவில் கட்டிப்போட்டு வைத்தார். அவர் அஞ்சியதே நடந்தது. 1970 ஜூலை 23 அன்று பிரிட்டிஷாரின் துணையோடு மகன் தந்தையை இறக்கிவிட்டு அரியணை ஏறினார். தந்தை 1972இல் லண்டனில் இறந்தார்.

காபூஸுக்குப் பிள்ளை இல்லை. வாரிசாக யாரையும் அவர் அறிவிக்கவும் இல்லை. மாறாக, 1996இல் கொண்டுவந்த அடிப்படைச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு செய்தார். அரியணை காலியானால் அரச குடும்பம் மூன்று நாளுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடியாமல் போனால், அவர் முத்திரையிட்டு வைத்த கடிதத்தில் இருக்கும் பெயருக்கே பட்டம்.

உயிரோடு இருக்கும்வரை போட்டியாளர் எவரும் தலையெடுக்காமல் இருக்க இது நல்ல உபாயம்தான். நாட்டுக்கோ தீராத கவலை. குடும்பம் பிளவுபட்டால்? ஒரு பக்கம் சவூதி அரேபியா, கடலுக்கு அப்பால் ஈரான், இன்னொரு பக்கம் உள்நாட்டுப் போரில் சிதைந்த ஏமன்.

2020 ஜனவரி 10 அன்று 79 வயதில் காபூஸ் மறைந்தார். மறுநாளே குடும்பத்தார் கூடினார்கள். தாங்கள் தேர்ந்தெடுக்கப் போவதில்லை, மறைந்தவர் விருப்பமே தங்கள் விருப்பம் என்று கூறிவிட்டார்கள். தொலைக்காட்சி கேமராக்களின் முன்னால் உறை பிரிக்கப்பட்டது. உள்ளே இருந்த பெயர், சிற்றப்பா தாரிக்கின் மகனும் கலாசார அமைச்சருமான ஹைதம். ஐம்பது ஆண்டு ஆட்சி ஒரே நாளில், ஒரு சச்சரவும் இல்லாமல் கைமாறியது.

அந்த வழியில் வந்தவரே அதை மூடியும் விட்டார். 2021 ஜனவரியில் ஹைதம் வெளியிட்ட புதிய சட்டப்படி சுல்தானின் மூத்த மகனே வாரிசு. அவ்வாறு முதல் பட்டத்து இளவரசரானவர் 1990இல் பிறந்த தியாஸின். இனி உறையும் இல்லை, ஊகமும் இல்லை. ஆனால் உறவினர்களில் தகுதியானவரைப் பார்த்துப் பொறுக்கும் வாய்ப்பும் அதோடு போயிற்று. ஓமன் மக்கள் வாக்களித்து அமைக்கும் ஷூரா மன்றம் ஒன்று இருக்கிறது. சுல்தானைத் தேர்ந்தெடுப்பது அன்றும் அதன் வேலையாக இல்லை, இன்றும் இல்லை.