வசந்தகால மரக்கறிப் பாஸ்தாவும் ஒரு பை இலையும்

முப்பது ஆண்டுகள் பிறருக்குச் சமைத்த ஒருவர் தம் வீட்டு அடுப்பை மட்டும் தொடாமலே இருந்தார் என்றால் நம்புவது கடினம். ஊஸ்டரில் வாழும் பெரியவர் ஒருவரின் கதை அதுதான்.

1980களில் யாழ்ப்பாணத்திலிருந்து சுவிற்சர்லாந்துக்கு வந்த பலரைப் போலவே அவரும் உணவகமொன்றில் கோப்பை கழுவித்தான் தொடங்கினார். பின்னர் மரக்கறி வெட்டினார். சில ஆண்டுகளில் இத்தாலியச் சமையற்காரருக்குப் பக்கத்தில் நின்று பாஸ்தா அவிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. ஆயினும் வீட்டில் அவர் அகப்பை பிடித்ததில்லை. "வெளியில நின்று வேகிறது போதும். வீட்டிலயும் வேக வேண்டாம்" என்பது மனைவியார் இட்ட கட்டளை. வீட்டில் எந்நாளும் சோறும் கறியுந்தான்.

அவர் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகளுக்குள் அம்மையாரின் சீனி வருத்தம் கூடிவிட்டது. சோற்றைப் பாதியாகக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னார். அம்மையாரும் குறைத்தார். ஆனால் வயிறு நிறையாமல், இரவு பதினொரு மணிக்கு எழுந்து தேநீரும் பிஸ்கற்றும் எடுப்பார். காலையில் பார்த்தால் சீனி முன்னையிலும் கூடியிருக்கும். "சோறில்லாமல் சாப்பிட்ட மாதிரி இல்லை" என்று சொல்லி அவர் கண் கலங்கிய நாளில்தான் பெரியவர் ஒரு முடிவுக்கு வந்தார். வரும் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு தம் பொறுப்பு என்றார்.

சித்திரைப் புத்தாண்டு கழிந்த இரண்டாம் வெள்ளி அது. வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டில் மரக்கறிதான். ஆகவே கடையில் பொதிகளைத் திருப்பித் திருப்பி வாசித்தார். சுவிஸ் பாஸ்தாவில் பலவகை முட்டை சேர்த்தவை. கடும் கோதுமை ரவையும் நீரும் மட்டும் கொண்டதைத் தேர்ந்தெடுத்தார். பாற்கட்டியிலும் கவனம் வேண்டும். பர்மெசான், குறுயேர் முதலியன கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் ஆக்கப்படுபவை. மலைமலையாகப் பர்மெசான் துருவிக் கொடுத்த அவர் அதனைத் தம் வேலைக்காலத்தின் கடைசியில்தான் அறிந்தார். நுண்ணுயிர் உறைபொருள் என்று பொறித்த பாற்கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டார். பச்சை ஸ்பார்கெல் ஒரு கட்டு, பட்டாணி, ஒரு லீக்ஸ், இரண்டு இளங் கரட், ஒரு எலுமிச்சை. அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் குறைந்தது. உணவகத்தில் வசந்தம் வந்தால் பேர்லவுக் என்னும் காட்டு உள்ளி இலையைப் பாஸ்தாவுக்குப் போடுவார்கள். அதன் மணம் அவருக்கு நினைவிருந்தது. கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் ஊரை ஒட்டிய காட்டிலே சும்மா கிடைப்பதற்கு ஏன் காசு என்று எண்ணி, பிற்பகலில் தனியே போய் ஒரு பை நிறையப் பறித்து வந்தார்.

பள்ளி விட்டு வந்த பேத்தி மேசையில் கொட்டிக் கிடந்த இலைகளைப் பார்த்தாள். பத்து வயதுப் பிள்ளை. ஒன்றை எடுத்தாள், திருப்பினாள், இன்னொன்றை எடுத்தாள்.

"அம்மப்பா, இதுக்குத் தண்டில்லை."

"மணந்து பார் பிள்ளை. உள்ளி மணக்குதுதானே?"

"உங்கட கைதான் மணக்குது, அம்மப்பா."

பெரியவர் சிரித்தார். ஆனால் பிள்ளை சிரிக்கவில்லை. வகுப்பாரோடு காட்டுக்குப் போனபோது ஆசிரியை காட்டித் தந்ததை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பேர்லவுக்கின் ஒவ்வோர் இலையும் தனக்கென மெல்லிய காம்போடு நிலத்திலிருந்து தனித்தனியே வரும். அடிப்பக்கம் மினுக்கமின்றி இருக்கும். மே மாதத்து வெண்மணிப் பூவாகிய மைக்ளொக்சனின் இலைகளோ ஒரே தண்டிலிருந்து இரண்டிரண்டாக எழும். ஹெர்ப்ஸ்ட்சைற்லோசேயின் இலைகள் காம்பின்றி, விறைப்பாக, ஒன்றையொன்று தழுவி நிலத்திலிருந்து கிளம்பும். அது இலையுதிர் காலத்தில் ஊதாப் பூப் பூப்பது. வசந்தத்தில் இலை மட்டுமே காட்டும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். இருநூறு இலைக்கு மேலிருந்த அந்தக் குவியலில் காம்பற்ற இலைகள் ஐந்து இருந்தன.

இங்கே மருத்துவம் சொல்வதைக் கூற வேண்டும். மைக்ளொக்சன் இதயத் துடிப்பைக் குழப்பும் நஞ்சுடையது. ஹெர்ப்ஸ்ட்சைற்லோசேயில் உள்ளது கொல்கிசின். 1820ஆம் ஆண்டு பிரெஞ்சு வேதியியலாளர் இருவர் பிரித்தெடுத்த இப்பொருள், மிகச் சிறு அளவில் கௌற் என்னும் மூட்டு வாதத்துக்கு இன்றும் மருந்து. அளவு மிஞ்சினால் உயிர்க்கொல்லி. அவித்தாலும் வதக்கினாலும் அது அழியாது. உண்டவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரத்தின் பின்பே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அது சற்றுத் தணிந்தாற்போல இருக்கையில், அடுத்த நாட்களில் சிறுநீரகமும் எலும்பு மச்சையும் இதயமும் தளரும். ஐரோப்பாவில் இவ்விதம் இறந்தவர்கள் உண்டு. மணத்தை நம்பவும் இயலாது. நாலு நல்ல இலையைத் தொட்ட கை, ஐந்தாவது எதுவாயினும் உள்ளியாகவே மணக்கும்.

பெரியவர் முகம் வாடிவிட்டது. "ஐந்தைத்தானே எடுத்தெறியவேணும், மிச்சம் நல்லதுதானே" என்றார். அதுவரை பேசாதிருந்த அம்மையார் எழுந்து வந்தார்.

"முழுவதையும் கொட்டுங்கோ" என்றார். "கார்த்திகைக் கிழங்கை மறந்துபோனீங்களோ?"

அம்மையார் வன்னியில் பிறந்தவர். மழைக்காலத்தில் வேலியெங்கும் கார்த்திகைப் பூ சுடர் விட்டு நிற்கும் ஊர். அவருக்கு எட்டு வயதாயிருக்கையில், அயல் வீட்டுச் சிறுவன் ஒருவன் அதன் கிழங்கை வற்றாளை என்று நினைத்துத் தோண்டிச் சுட்டுத் தின்றான். அன்றிரவு வாந்தி. மறுநாள் வண்டிலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அம்மையார் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை.

அவர் அறியாமல் சொன்னதே உண்மை. செங்காந்தள் என்றும் கலப்பைக் கிழங்கு என்றும் வழங்கும் அச்செடியும், ஐரோப்பியப் புல்வெளியின் ஹெர்ப்ஸ்ட்சைற்லோசேயும் ஒரே தாவரக் குடும்பம். இரண்டிலும் உள்ள நஞ்சு அதே கொல்கிசின். வன்னி வேலியில் விட்டு வந்த ஆபத்து, ஊஸ்டர் அடுப்படி மேசையிலே வேறோர் உருவில் கிடந்தது.

பெரியவர் மறுபேச்சுப் பேசவில்லை. இலை முழுவதையும் பையிலிட்டுக் கட்டி எறிந்தார். மேசையையும் கத்தியையும் கழுவினார். கையைச் சவர்க்காரமிட்டு இருமுறை கழுவினார். பிறகு மூன்று பல் உள்ளியை எடுத்து நறுக்கத் தொடங்கினார்.

அன்றைய சமையல் இது. நால்வருக்கு 320 கிராம் பாஸ்தா, மூன்று லீற்றர் கொதிநீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு. ஸ்பார்கெலின் முற்றிய அடியை ஒடித்துவிட்டு, கீழ்ப்பாதித் தோலை மட்டும் சீவி, விரலளவாக வெட்டினார். தாச்சியில் மூன்று மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய் விட்டு, உள்ளி சிவக்குமுன் லீக்ஸும் கரட்டும் சேர்த்து வதக்கினார். பாஸ்தா வேக நான்கு நிமிடம் இருக்கையில் ஸ்பார்கெலையும் பட்டாணியையும் அதே பானையில் போட்டார். வடிக்குமுன் ஒரு கோப்பை நீரை எடுத்து வைத்தார். அந்த மாப்பிடித்த நீர்தான் எண்ணெயையும் மரக்கறியையும் பாஸ்தாவோடு சேர்த்துப் பிடிப்பது. எல்லாவற்றையும் தாச்சியில் புரட்டி, எலுமிச்சைத் தோலைத் துருவி, மிளகு தூவி இறக்கினார். அம்மையாருக்காக ஒரு செத்தல் மிளகாயும் கிள்ளிப் போட்டார்.

பல்லில் சற்றுக் கடிபடும் பதத்தில் இறக்குவது சுவைக்காக மட்டுமன்று. பாஸ்தாவின் மாப்பொருள் புரதப் பின்னலுக்குள் சிறைப்பட்டிருப்பதால் மெல்லச் செரித்து, இரத்தத்தில் சீனியை மெல்ல ஏற்றும். குழைய விட்டால் அந்நன்மை குறையும். ஆனால் மாப்பொருளின் அளவில் பாஸ்தாவும் அரிசியும் ஏறக்குறைய ஒன்றே. ஆளுக்கு 80 கிராம் என்ற அளவும், தட்டில் பாதிக்கு மரக்கறி என்பதுமே காரியம். இன்சுலின் போடுவோர் மருத்துவரைக் கேளாமல் உணவளவை மாற்றலாகாது.

அம்மையார் முதலில் மரக்கறியைப் பொறுக்கித் தின்றார், பிறகு பாஸ்தாவை. "உறைப்புக் காணாது" என்று ஒரு குறை சொன்னார். ஆனால் தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டு மணி நேரத்தின் பின் குத்திப் பார்த்தபோது லீற்றருக்கு 8.4 மில்லிமோல். அதற்கு முந்திய வெள்ளி இரவு அது 12ஐத் தாண்டியிருந்தது. அன்றிரவு பிஸ்கற் பெட்டி திறக்கப்படவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை இரவுகளில் அடுப்பு பெரியவருடையது. பேர்லவுக் வேண்டுமானால் கடையில் வாங்குகிறார். காட்டுக்குப் போவதானால் பேத்தியோடுதான்; ஒவ்வோர் இலையாகப் பார்த்துப் பறிக்கிறார்கள், பிடி பிடியாக அல்ல. கிறைஃபென்சே கரையின் பாதுகாக்கப்பட்ட இடங்களில் பறிப்பதில்லை. குளிரூட்டிக் கதவில் பேத்தி வரைந்த மூன்று இலைகளின் படம் ஒட்டியிருக்கிறது. அதன் கீழே, நஞ்சு பற்றி இரவு பகலாக ஆலோசனை தரும் 145 என்ற எண்ணைப் பெரிதாக எழுதியிருக்கிறாள். சந்தேகம் வந்தால் வாந்தி வரும்வரை காத்திராமல் உடனே அழைக்க வேண்டிய எண் அது. பறித்த இலையில் மிச்சமிருந்தால் அதையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஊரில் எந்தக் கிழங்கு ஆகும், எது ஆகாது என்று பிள்ளைகளுக்குக் காட்டித் தந்தவர்கள் பெரியவர்கள். வந்த நாட்டில் அதைப் பெரியவர்களுக்குக் காட்டித் தருபவர்கள் பிள்ளைகள். கேட்டு நடப்பதில் குறைவில்லை.