கரண்ட் போனா?

அக்னி நட்சத்திரத்துப் பிற்பகல். கடற்காற்று இன்னும் ஊருக்குள் நுழையவில்லை. வேளச்சேரியில் ஒரு மின்சாதனக் கடை. பழுதுக்குக் கொடுத்த மிக்ஸி ஜாருக்காகக் காத்திருப்பவர்களோடு நானும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே, கண்ணாடித் தடுப்பறைக்குள், சக்கரம் வைத்த வெள்ளைப் பெட்டியைச் சுற்றி ஒரு குடும்பம். மகன், மருமகள், அறுபதைத் தாண்டிய அம்மா.

பெட்டி, போர்ட்டபிள் ஏசி. ஒரு டன். அதன் பின்பக்கத்திலிருந்து தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் புறப்பட்டு, தடுப்பில் வெட்டிய வட்டத்தின் வழியே பின்வாசலுக்குப் போகிறது.

"ஹவுஸ் ஓனர் சுவத்துல ஓட்டை போடக் கூடாதுங்கறார். அவுட்டோர் வைக்கவும் இடம் கிடையாதாம். அதான் இது" என்கிறான் மகன்.

"கரெக்ட் சாய்ஸ் சார். எந்த ரூமுக்கு வேணாலும் தள்ளிக்கலாம்" என்று விற்பனைப் பையன் பெட்டியை ஒரு கையால் உருட்டிக் காட்டுகிறான். கடையின் டைல்ஸ் தரையில் அது வழுக்கிக்கொண்டு போகிறது.

"எங்க வீட்டுல ரூமுக்கு ரூம் நிலைப்படி இருக்கு" என்கிறாள் மருமகள். முப்பது கிலோவை நெருங்கும் பெட்டியைத் தினமும் இரண்டு பேர் பிடித்துத் தூக்கி வைக்க வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை. மாமியார் முகத்தைப் பார்த்த பார்வையிலேயே அது இருந்தது.

அவள் குழாயைத் தொட்டுப் பார்க்கிறாள். கையைச் சட்டென்று எடுக்கிறாள். அறைக்குள்ளேயே இவ்வளவு நீளத்துக்குச் சூடான குழாய் படுத்திருந்தால், குளிர்விக்கிற இயந்திரமே கொஞ்சம் சூட்டையும் திருப்பித் தருகிறது என்றுதானே அர்த்தம்? "குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது மேடம். வளைக்காம ஜன்னல்கிட்டயே வைங்க. மேல ஒரு ஃபோம் ஷீட் சுத்திடுங்க" என்கிறான் பையன். நேர்மையான பையன்.

அடுத்து அவள் செய்ததைப் பார்த்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கையிலிருந்த விளம்பரத் தாளில் ஒரு துண்டைக் கிழித்து, மூடியிருந்த கண்ணாடிக் கதவின் அடியில் இடுக்கோரம் பிடித்தாள். தாள் உள்பக்கமாகப் படபடத்தது. விட்டதும் தரையோடு வழுக்கி உள்ளே வந்தது. ஒற்றைக் குழாய் ஏசியின் மொத்தக் கதையும் அந்தத் துண்டுத் தாளில் இருக்கிறது. அறைக் காற்றையே எடுத்துத் தன் சூட்டை ஏற்றி வெளியே தள்ளுகிறது. தள்ளிய அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். கதவிடுக்கு, ஜன்னல் சந்து என்று கிடைத்த வழியிலெல்லாம் வெளிக்காற்று, அதாவது மே மாதத்துக் காற்று, உள்ளே வருகிறது. அதனால்தான் ஸ்பிளிட் ஏசியின் ஒரு டன்னும் இதன் ஒரு டன்னும் ஒன்றல்ல.

"ரெண்டு குழாய் வெச்சது இருக்கா? ஒண்ணு வெளிக்காத்தை இழுக்கும், இன்னொண்ணு தள்ளும். அது?"

"எங்க கடையில வரதில்லை மேடம்."

"ஜன்னலுக்கு என்ன குடுப்பீங்க?"

பையன் ஒரு பிளாஸ்டிக் பலகையைக் கொண்டுவருகிறான். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஜன்னலுக்கு ஏற்றபடி நீட்டிக் குறுக்கலாம். மகன் தன் ஃபோனில் வீட்டு ஜன்னலைக் காட்டுகிறான். வெளிப்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவு, உள்ளே இரும்புக் கம்பி. பழைய சென்னை வீடுகளின் ஜன்னல். அந்தப் பலகை இதில் உட்காரவே உட்காராது. தச்சரைக் கூப்பிட்டு, ஜன்னல் அளவுக்குப் பிளைவுட் வெட்டி, வட்டமாகத் துளைபோட்டு, கம்பிக்கு உள்பக்கம் பொருத்த வேண்டும். சுற்றி ரப்பர் பட்டை ஒட்டாவிட்டால் கொசு வரும், சூடும் வரும். விலைச்சீட்டில் இந்தச் செலவு இல்லை.

இதுவரை பேசாமல் நின்ற அம்மா இப்போது கேட்கிறார்.

"தம்பி, கரண்ட் போனா?"

"போனா... ஓடாதும்மா."

"இன்வெர்ட்டர்ல?"

வீட்டில் இருப்பது 900 விஏ இன்வெர்ட்டர், 150 ஆம்பியர் மணி பேட்டரி. இந்த ஏசி ஆயிரம் வாட்டைத் தாண்டி இழுக்கும். போட்ட உடனே ட்ரிப் ஆகிவிடும். பையன் மறைக்காமல் சொல்லிவிடுகிறான்.

மகனுக்கு எரிச்சல். "அம்மா, இது வெயிலுக்கு வாங்கறது. நீ மழைல கரண்ட் போறதையே பேசிட்டிருக்க."

"உங்கப்பாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான்டா."

அந்தப் பேச்சிலிருந்து மெல்லத் தெரியவந்தது: வீட்டில் படுக்கையோடு இருப்பவர் அப்பா. சர்க்கரை நோய், இன்சுலின். மொட்டைமாடிக்குக் கீழே மேற்குப் பார்த்த அறை. நாள்பட்ட சர்க்கரை பலருக்கு வியர்க்கும் சக்தியையே குறைத்துவிடுகிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றே உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது மின்விசிறி சூட்டைத்தான் வீசும். 2003 மே 31 அன்று இதே ஊர் 45 டிகிரியைப் பார்த்திருக்கிறது. அப்படிப்பட்ட அறையில் இவருக்கு ஏசி ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ஏர் கூலர் இங்கே உதவாது. கடலோர ஈரக்காற்றில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். ஹவுஸ் ஓனரைக் கேட்டு மொட்டைமாடித் தரைக்கு வெள்ளை பூசச் சொல்லலாமே என்று நாக்குநுனி வரை வந்தது. அந்நியன் நுழைகிற பேச்சு இல்லை அது. வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா தடுப்பறையைவிட்டு வெளியே வந்து விசிறிகள் தொங்கும் வரிசைக்குப் போகிறார். பிஎல்டிசி விசிறி ஒன்றின் அட்டையை எட்டி நின்று படிக்கிறார். 28 வாட். பையன் விளம்பரத் தாளின் பின்பக்கம் கணக்குப் போடுகிறான். பன்னிரண்டு வோல்ட், நூற்றைம்பது ஆம்பியர் மணி, பெருக்கினால் 1800. விரயம் போகக் கைக்கு வருவது 1200 என்று வைத்தால், பழைய 75 வாட் விசிறி பதினாறு மணி நேரம் ஓடும். இது நாற்பது மணி நேரத்தைத் தாண்டும்.

"மிக்ஜாம் புயல்ல நாலு நாள் கரண்ட் இல்லை தம்பி" என்கிறார் அம்மா.

2023 டிசம்பர் 4. சொல்லத் தொடங்கியதும் கடையில் நின்றிருந்த இன்னும் இரண்டு பேர் அவர் பக்கம் திரும்பினார்கள். வேளச்சேரியில் அந்த நாளைச் சுமக்காதவர்கள் யார்? தெருவில் இடுப்பளவு தண்ணீர், வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. மோட்டார் ஓடாததால் மேல்தொட்டி முதல் நாளே காலி. பால் பாக்கெட் கிடைக்கவில்லை. ஃபோனில் சிக்னல் இல்லை. ஃப்ரிட்ஜ் செத்துப்போனதும் இன்சுலினை என்ன செய்வது என்று கேட்க டாக்டரைப் பிடிக்கவே முடியவில்லையாம்.

"அப்புறமா கேட்டு வெச்சுக்கிட்டேன். அவர் போடறது, பிரிச்ச பேனா முப்பது டிகிரிக்குள்ள இருந்தா இருபத்தெட்டு நாள் வெளிய தாங்குமாம். பிரிக்காததுக்குத்தான் ஃப்ரிட்ஜ். கரண்ட் இல்லேன்னா பானைக்குள்ள ஈர மணல், அதுக்குள்ள சின்னச் சட்டி, மருந்தைப் பையில சுத்தி அதுல." கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுக்கிறார். மடித்து மடித்து நைந்த தாள். சாய்ந்த கையெழுத்து. பெஞ்சிலிருந்து எனக்குப் பாதிதான் தெரிந்தது. மீதியை அவர் மருமகளுக்குப் படித்துக் காட்டியபோது கேட்டேன்.

இருபது லிட்டர் கேன் நாலு, எப்பவும் ரெண்டு நிறைஞ்சு இருக்கணும். மழை எச்சரிக்கை வந்ததும் குளியலறையில் எல்லா வாளியும், அண்டாவும். குளோரின் மாத்திரை. பால் பவுடர், அவல், பொட்டுக்கடலை, ரஸ்க், சர்க்கரை இறங்கினால் கொடுக்க குளுக்கோஸ். ஓஆர்எஸ் பாக்கெட் பத்து. அவர் மாத்திரை பதினைந்து நாளுக்கு, சீட்டோட நகல். டயப்பர். டார்ச், தனியா பேட்டரி. ரேடியோ. பவர் பேங்க். ஆதாரும் பாஸ்புக்கும் ஜிப் கவரில். 1077, 1913 உதவி எண்களைத் தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால். நூறு ரூபாய் நோட்டாக மூவாயிரம்.

"நோட்டு எதுக்கு அத்தை? ஜீபே இருக்கே."

"வர்தா புயல் வந்தப்ப நீ இந்த வீட்டுக்கு வரல. 2016 டிசம்பர் பன்னெண்டு. பழைய நோட்டு செல்லாதுன்னு சொல்லி ஒரு மாசம்தான் ஆச்சு. ஏடிஎம்ல பணம் இல்ல, கரண்ட் இல்லாம கார்டு மிஷினும் இல்ல. மெழுகுவத்தி வாங்கக் கடன் சொன்னேன்."

மருமகள் தாளை வாங்கிக் கீழே தன் கையெழுத்தில் ஒன்று சேர்க்கிறாள். "வெயிலுக்கும் இதே பைதான் அத்தை. ஐஸ் பேக் ரெண்டு போட்டா போதும்." மகன் எட்டிப் பார்த்தான். பிறகு பையனிடம், "ஏசி புக் பண்ணிடுங்க. தச்சர் வந்து ஜன்னலை அளந்ததும் டெலிவரி குடுங்க" என்றான். "தனி சாக்கெட் வேணும், பதினாறு ஆம்பியர். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடவே கூடாது சார். டேங்க்ல தண்ணி நிறையும், நம்ம ஊர் ஈரத்துக்கு அடிக்கடி. ட்ரெயின் பைப்பைப் பாத்ரூம் பக்கம் விட்டுடுங்க." பிஎல்டிசி விசிறி இரண்டு பில்லில் ஏறின. சார்ஜில் ஓடும் மேஜை விசிறி ஒன்றும்.

பில் அடித்துக்கொண்டே பையன் கேட்டான், "அம்மா, அந்தத் தாளை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கட்டுமா? எங்க வீடு முடிச்சூர். தரைத்தளம்."

அம்மா தாளை நீவி மேஜைமேல் விரித்தார். "இன்வெர்ட்டர் வெச்சிருக்கியா?"

"இருக்கும்மா. ஹால்ல, கீழ."

"போன தடவை தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

அவன் தன் இடுப்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினான்.

"அப்போ அதைவிட ரெண்டு அடி உசரத்துல இரும்பு ஸ்டாண்ட் அடிச்சு பேட்டரியை ஏத்து. காத்தோட்டமா இருக்கணும். ஐப்பசிக்கு முன்னாடியே செஞ்சிடு. அப்புறம் வெல்டர் கிடைக்கமாட்டான்."