குளிசையும் நாமும்

"விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு" என்பது எம் முன்னோர் கண்ட முதுமொழி. விருந்தைப் பொறுத்தவரை அம்மொழியை நாம் மீறியதில்லை. மருந்தோ ஏழாண்டுகளாகியும் எம்மை விட்டுப் போகவில்லை. நாரியிலே பிறந்து, இடக்காலின் பின்புறமாக இறங்கிக் கணுக்கால்வரை ஓடும் ஒரு நோவே அதற்குக் காரணம்.

முதலில் வைத்தியர் தந்தது டைக்ளோபெனக் என்னும் குளிசை. காலையிலும் மாலையிலும் உணவின்பின் ஒவ்வொன்றாக, இரண்டு கிழமைக்கென்றே எழுதித் தந்தார். நோவு தணிந்தது. நாமோ அவரிடம் திரும்பிச் செல்லாமல், பழைய துண்டைக் காட்டி மருந்துக்கடையில் மேலும் மேலும் வாங்கினோம். நோவு கூடிய நாட்களில் இபுபுறோபன் என்ற வேறொரு குளிசையையும் சேர்த்து விழுங்கினோம். இரண்டும் ஒரே குலத்தவை என்பதை அப்பொழுது அறியோம்.

மூன்றாம் மாதத்தில் மேல்வயிறு எரியத் தொடங்கிற்று. மோர் குடித்தோம், உறைப்பைக் குறைத்தோம், ஒருவருக்கும் சொன்னோமில்லை. சொன்னால் குளிசையை நிறுத்திவிடுவார்களே, பிறகு இரவுகளை எவ்வாறு கழிப்பது என்ற அச்சமே எம் வாயை அடைத்தது. ஒருநாட் காலை மலம் தார்போற் கறுத்திருந்தது. சிறிது நேரத்தில் கிணற்றடியிலே தலைசுற்றி வீழ்ந்தோம். இரைப்பையிற் புண் உண்டாகி இரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள் வைத்தியசாலையில். அவ்வாறு கறுத்த மலத்தைக் கண்டவுடனேயே அங்கு சென்றிருத்தல் வேண்டும் என்பதையும் அன்றே அறிந்தோம். இரத்தம் ஏற்றினார்கள். கட்டிலருகே நின்ற எம் மனைவியார், "இஞ்சருங்கோ, எனக்கெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ?" என்று கேட்டபோது, நோவைவிட வெட்கமே எம்மை அதிகம் வருத்திற்று.

அங்கிருந்த வைத்தியர் பொறுமையுடன் விளக்கினார். எமது உடலிற் புரொஸ்டகிளாண்டின் எனும் பொருள்கள் உண்டாகின்றன. நோவையும் வீக்கத்தையும் கூட்டுவன அவையே. இரைப்பையின் உட்சுவரை அமிலத்தினின்றும் காப்பனவும் அவையே. இவ்வகைக் குளிசைகள் அவை உண்டாவதைத் தடுப்பதால் நோவும் தணிகிறது, காவலும் தளர்கிறது. குளிசை இரத்தத்திற் கலந்தும் இவ்வேலையைச் செய்வதால், உணவின்பின் விழுங்குவது மட்டும் போதிய காப்பாகாது. அஸ்பிரின் இவ்வழியாலேயே நோவைத் தணிக்கிறது என்பதை 1971 இல் வெளிப்படுத்தியவர் ஜோன் வேன் என்னும் ஆங்கிலேய அறிஞர். 1982 இல் நொபெல் பரிசினை வேறு இருவருடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

புண் ஆறியபின் எமக்குக் கிடைத்த மருந்து அமிற்றிப்ரிலின். இரவில் 10 மில்லிகிராம். 1961 இல் ஐக்கிய அமெரிக்காவில் மனச்சோர்வுக்கென விற்பனைக்கு வந்த இம்மருந்து, சிறிய அளவில் நரம்பு நோவுக்கும் கொடுக்கப்படுகிறது. உறக்கம் வந்தது, விடிந்தும் அது போகவில்லை. பேரன் கணக்குக் காட்டிக்கொண்டிருக்க, நாம் குறட்டை விட்டோம். வாய் உலர்ந்தது, மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டது.

இம்முறை நாம் மறைக்கவில்லை. குளிசை விழுங்கிய நேரம், நோவின் அளவு, நேர்ந்த தொல்லை ஆகியவற்றை நாள்தோறும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தியரிடம் காட்டினோம். படுக்கும்போது விழுங்கிய குளிசையை எட்டு மணிக்கே விழுங்கும்படி மாற்றினார். காலை மயக்கம் பெரிதும் விலகிற்று. வாய் உலரும்போது தண்ணீரை மிடறு மிடறாகக் குடிக்கிறோம். கீரையும் பழமும் நாள்தோறும் உண்கிறோம். இரவில் எழ நேர்ந்தால், தலைசுற்றாதிருக்கக் கட்டிலின் விளிம்பிற் சற்று அமர்ந்தே எழுகிறோம். எமது விருப்பப்படி மருந்தைச் சடுதியாக நிறுத்தலாகாது என்றும் அவர் எச்சரித்திருக்கிறார்.

நோவு முற்றாகப் போயிற்றோ எனின், இல்லை. ஆயினும் மாலையிற் கோயில் வீதியை ஒருமுறை சுற்றி வருகிறோம். பேரனின் கணக்கிற் பிழையும் கண்டுபிடிக்கிறோம்.

நோவைப் பொறுத்தல் நற்குணமே. மருந்தினால் வருந் துன்பத்தை மறைத்தல் நற்குணமன்று. வீட்டில் முதியவர் ஒருவர் நாள்தோறும் குளிசை விழுங்குவாராயின், "நோவு எப்படி?" என்று கேட்கும் பிள்ளைகள், "குளிசை உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?" என்றும் கேட்பார்களாக. அன்று எம்மை அவ்வாறு ஒருவர் கேட்டிருந்தால், நாம் உண்மையைச் சொல்லியிருப்போம்.