அண்ணன் கடைக் கணினிக்கு வந்த காய்ச்சல்

‘ஆண்டுதோறும் ஊருக்குப் போய் வருகிறீரே, அங்கே கண்டதை நம் இதழுக்கு எழுதித் தரலாகாதா?’ என்று ஆசிரியர் அன்புக் கட்டளை இட்டார். கோயில் திருவிழாவைப் பற்றியோ நெய்யாற்றுப் படித்துறையைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் எழுதப் புகுந்திருப்பதோ, மேசைக் கணினி ஒன்று சூடேறி நின்றுபோன கதையை. அதில் என் பிழையும் ஒன்று கலந்திருக்கிறது. அதனை மறைத்துவிட்டு எழுதுவதாயின் எழுதாமலே இருந்துவிடலாம்.

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குச் செல்லும் பெருஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால், ரப்பர் மரங்களுக்கும் மரச்சீனித் தோட்டங்களுக்கும் நடுவே எங்கள் ஊர். அங்கே என் அண்ணன் தட்டச்சுக் கடை ஒன்று நடத்தி வருகிறார். முன்னாளில் தமிழுக்கு ஒன்று, மலையாளத்துக்கு ஒன்று என இரண்டு பொறிகள் வைத்திருந்தார். 2010-ஆம் ஆண்டில் அவ்விரண்டின் இடத்தையும் ஒரு கணினி பிடித்துக்கொண்டது. இரு மொழிக்கும் அங்கே வேலை இருப்பதன் காரணத்தை நம் அன்பர்கள் அறிவார்கள். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு நடுவே விழுந்ததே தவிர, பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றபாடில்லை. அந்தப் பக்கத்துக் குடும்பங்களின் பழைய நிலப் பத்திரங்கள் பல, திருவிதாங்கூர்க் காலத்தவை ஆதலின், மலையாளத்தில் உள்ளன. அவற்றைப் படித்துத் தமிழில் எழுதித் தரவும், இந்தப் பக்கத்துத் தமிழர் அலுவலகங்களுக்குக் கொடுக்கும் மனுக்களை மலையாளத்தில் அடித்துத் தரவும் அண்ணனைத் தேடி ஆள் வந்துகொண்டே இருக்கும். பெரும் பணம் தரும் தொழில் அன்று. வீட்டில் அடுப்பெரிய அது போதும்.

2019 பிப்ரவரியில் ஒரு நாள் அண்ணன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, பெட்டி தானாக அணைந்து போகிறது. காலையில் நன்றாக ஓடுகிறது. வெயில் ஏறினால் மெதுவாகிவிடுகிறது. பிறகு சட்டென்று நிற்கிறது. உடனே போட்டால் முன்னைவிட விரைவில் நிற்கிறது. அரைமணி ஆறவிட்டால் மறுபடியும் ஓடுகிறது” என்றார்.

நோய்க்குறிகள் அத்தனையையும் அவர் வரிசையாகச் சொல்லிவிட்டார் என்பதை இப்போது எண்ணிப் பார்க்கையில் வெட்கமாக இருக்கிறது. மும்பையில் கணினி நிறுவனமொன்றில் இருபது ஆண்டு வேலை பார்ப்பவன் என்ற பெயர் எனக்கு ஊரில் உண்டு. என் வேலை கணக்கு மென்பொருள் எழுதுவது. கணினிப் பெட்டியின் மூடியைத் திறந்து பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது. இதை அண்ணனிடம் சொல்ல நா எழவில்லை. ‘அணைகிறது’ என்ற ஒரு சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, “மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பழுதாகியிருக்கும், புதிது வாங்கிப் போடுங்கள்” என்றேன். அண்ணன் ஆயிரத்து முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கினார். நோய் நீங்கவில்லை. மார்ச்சு மாதம் மீண்டும் அழைத்தார். “அப்படியானால் வைரஸ்தான். எல்லாவற்றையும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்” என்றேன்.

பழுது பார்க்க வந்த பையன் நல்லவன். முக்கியமான கோப்புகள் ஏதேனும் உண்டா என்று கேட்டிருக்கிறான். அண்ணன் உடனே என்னைக் கேட்டார். நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். “கோப்பெல்லாம் ‘டி’ டிரைவில் இருக்கும், அஞ்ச வேண்டாம், ‘சி’யை அழிக்கலாம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அண்ணனோ ஒன்பது ஆண்டுகளாக எல்லாவற்றையும் திரையின் முகப்பிலேயே அடுக்கி வைத்திருந்தார். முகப்பில் இருப்பது ‘சி’யில் இருப்பதாகும் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மனுப் படிவங்கள், பத்திர மாதிரிகள் எல்லாம் போயின. கணினி மறுநாள் உச்சிப்பொழுதில் வழக்கம்போல் நின்றது.

அண்ணன் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. மதினிதான், “இனிப் பம்பாய் வைத்தியம் வேண்டாம்” என்றார்களாம்.

ஏப்ரல் இறுதியில் விடுமுறை எடுத்து ஊருக்குப் போனேன். நான் போய் இறங்கிய அன்றே கடைத் திண்ணையில் மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். மக்களுக்குச் சொத்துப் பிரித்துக் கொடுப்பதற்காகத் தம் மாமனார் காலத்துப் பத்திரத்தைத் தமிழில் எழுதி வாங்க மூன்றாம் முறையாக வந்திருந்தார். முன்னிரு முறையும் பாதிப் பக்கத்தில் கணினி நின்றுவிட்டது. என்னைப் பார்த்து, “மக்களே, இந்தப் பெட்டிக்குக் காய்ச்சலா? தொட்டுப் பார்த்தால் சுடுகிறதே” என்றார். இரண்டு மாதம் எனக்குத் தோன்றாதது அவருக்கு ஒரு கணத்தில் தோன்றியிருந்தது.

அன்று மாலையே மேசையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கணினி தொடங்கும்போதே விசையை அழுத்திப் பயாஸ் என்னும் அடிப்படைத் திரைக்குள் சென்றால், செயலியின் வெப்பம் எத்தனை என்று அங்கே காட்டும். இயங்குதளம் வேலை செய்யத் தொடங்குமுன் உள்ள நிலை அது. தொடங்கியவுடன் 58 பாகை இருந்தது. ஒரு நிமிடத்தில் 71. நான்காவது நிமிடத்தில் 90-ஐத் தாண்டிற்று. ஒரு வேலையும் கொடாமல் இருக்கையிலேயே இவ்வாறு ஏறினால், எழுத்தடிக்கும்போது என்ன ஆகும்? அளவுக்கு மீறிய சூட்டில் செயலி முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனாலும் தணியாவிட்டால் அணைந்துவிடும். அண்ணன் சொன்ன ‘மெதுவாகி நிற்பது’ இதுவே.

செயலிகள் இவ்வாறு தம்மைக் காத்துக்கொள்ளக் கற்றது நெடுங்காலத்துக்கு முன்பு அன்று. 2001-இல் ஜெர்மானியர் ஒருவர் நடத்திய கணினி ஆய்வுத் தளத்தில், ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து குளிர்விப்பானைக் கழற்றிப் பார்த்தார்கள். ஏ.எம்.டி.யின் அத்லான் செயலி புகைந்து போயிற்று. இன்டெலின் பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. ஆனால் அதே பென்டியம் 4-ஐ நான்கு கிகாஹெர்ட்ஸ் வேகத்துக்குக் கொண்டுபோக முயன்ற இன்டெல் நிறுவனம், 2004 அக்டோபரில் அம்முயற்சியைக் கைவிட்டது. அதற்குக் குறுக்கே நின்றவற்றுள் வெப்பம் முதன்மையானது. வேகத்தை ஏற்றுவதை விட்டு ஒரு சில்லில் இரண்டு செயலிகளை வைக்கும் வழிக்கு எல்லாரும் திரும்பியது அதன் பின்னரே. அண்ணன் கடைக் கணினி அவ்விரட்டைச் செயலி வகையைச் சேர்ந்தது. அதன் அளவு 65 வாட். பழைய 60 வாட் குமிழ் விளக்கைச் சற்று எரியவிட்டுத் தொட்டவர்களுக்கு அச்சூடு நினைவிருக்கும். அவ்வளவு வெப்பமும் இங்கே கட்டைவிரல் நகத்தளவான சில்லில் பிறக்கிறது. அச்சில்லிலிருந்து மேலே பொருத்திய அலுமினியக் கட்டைக்கும், கட்டையின் தகடுகளிலிருந்து விசிறிக் காற்றுக்கும் அது கடந்து போயாக வேண்டும். இந்த வழியில் எங்கே அடைப்பு என்று காண்பதுதான் நோய் நாடுவது.

அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. மின்சாரத்தைத் துண்டித்தவுடன் மூடியைத் திறந்து அலுமினியக் கட்டையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். செயலியும் கொதித்துக் கட்டையும் கொதித்தால், வெப்பம் கட்டைவரை வந்துவிட்டது, காற்றுக்குத்தான் போகவில்லை என்று பொருள்; விசிறியையும் தூசியையும் பார்க்க வேண்டும். செயலி கொதிக்கக் கட்டை மட்டும் ஆறியிருந்தால், இரண்டுக்கும் நடுவே தொடர்பு அறுந்திருக்கிறது. நான் தொட்டேன். இளஞ்சூடு, காலையில் வைத்த வெந்நீர் மாலையில் இருப்பது போல.

ஆனாலும் முதலில் விசிறியைக் கழற்றினேன். மேலிருந்து பார்க்கத் தூய்மையாகத்தான் இருந்தது. பழுது பார்த்த பையன் காற்றடித்துத் துடைத்திருந்தான். விசிறிக்கு அடியில், தகடுகளின் மேல், வெண்மையான மெத்தை ஒன்று படிந்திருந்தது. விரலால் உரிக்கப் பஞ்சுத் துணிபோல் ஒரே துண்டாக வந்தது. அடுத்த வீட்டில் குழித்தறி ஓடுகிறது. நூலிலிருந்து பறக்கும் பஞ்சு அது. நெய்யாற்றின்கரை வட்டத்தில் கைத்தறிக்குப் பெயர்போன பாலராமபுரத்துக்குப் பெயர் தந்தவர் பலராம வர்மா மன்னர் (1798–1810). அங்குத் தமிழ் பேசும் சாலியர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். பிழைப்பைத் தேடி எல்லை கடந்தவர்கள் நாம் மட்டும் அல்லேம். அவர்கள் கொண்டுவந்த தறியின் பஞ்சு, என் அண்ணன் கணினியின் மூச்சையும் அடைத்திருந்தது. இதைக் கேட்ட தறிக்காரர், தம் மேல் குற்றம் சாட்டுவதாக எண்ணி அரை நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பஞ்சை நீக்கி மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். 90 இருந்த இடத்தில் 86. என் கை சொன்னதே சரியாயிற்று. டார்ச்சு விளக்கைப் பிடித்துக் கட்டையின் நான்கு மூலைகளையும் பார்த்தேன். இவ்வகைக் கட்டையை மதர்போர்டில் நிறுத்துவன நான்கு பிளாஸ்டிக் ஆணிகள். மேலிருந்து அழுத்தினால் அடியில் விரிந்து பிடித்துக்கொள்ளும். அவற்றுள் ஒன்று தளர்ந்து மேலெழும்பி நின்றது. மூன்று மூலை இறுகி ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தபடியால், கட்டை செயலியின் மேல் சாய்ந்து கிடந்தது. எத்தனை மாதமாகவோ!

கட்டையை எடுத்துப் பார்த்தால், இடையில் இருக்க வேண்டிய பசை காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காய் இருந்தது. பார்வைக்குக் கண்ணாடிபோல் வழவழப்பான இரு உலோகப் பரப்புகள் ஒன்றின் மேல் ஒன்று வைக்கப்பட்டாலும், மேடும் மேடும் தொடுவதோடு சரி. பள்ளங்களில் காற்று நின்றுகொள்கிறது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் வெப்பத்தைக் கடத்துவதில் காற்று ஏறத்தாழ ஒன்பதாயிரம் மடங்கு சோம்பேறி. அப்பள்ளங்களை நிரப்பவே தெர்மல் பேஸ்ட் என்னும் பசை. பசையும் உலோகத்துக்கு நிகர் ஆகாது. ஆதலின் அள்ளிப் பூசினால் கேடு. பற்பசையைப் பூசலாம் என்று ஊரில் ஒருவர் யோசனை சொன்னார். அதில் உள்ள நீர் சில நாளில் வற்றிப் பழைய கதையே ஆகும் என்று சொல்லி, மறுநாள் நெய்யாற்றின்கரைக்குப் பேருந்தேறிச் சிறு குழாய் ஒன்று வாங்கி வந்தேன். விலை நூறு ரூபாய்க்கும் குறைவு. மருந்துக் கடையில் ஸ்பிரிட்டும் வாங்கினேன்.

பழைய பொருக்கை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் இரு பரப்பிலும் துடைத்து, நல்லமிளகு ஒன்றின் அளவு பசையைச் செயலியின் நடுவில் வைத்தேன். கட்டையை நேராக இறக்கி, மூலைக்கு மூலை எதிராக ஆணிகளை அழுத்தினேன். ஒவ்வொன்றும் ‘டக்’கென்று ஓசையிட்டது. அவ்வோசையை நம்பாமல் மதர்போர்டின் அடிப்பக்கத்திலும் விளக்கைப் பிடித்து நான்கும் விரிந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். விசிறியின் கம்பியை மறவாமல் செருகினேன். பயாஸ் திரையில் 44 பாகை காட்டியது. கால்மணி கடந்தும் 46-க்கு மேல் ஏறவில்லை.

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. விசிறியின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். “புதிதாக வாங்கியபோது இப்படித்தான் இருந்தது” என்றார்.

மூதாட்டியின் பத்திரம் மறுநாள் உச்சிப்பொழுதில், வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே, ஐந்து பக்கம் அச்சாகி வந்தது. அவர் கொடுத்த பணத்தை அண்ணன் வாங்கவில்லை. மூன்று முறை நடந்ததற்கு அது சரியாகிவிட்டது என்றார். மூதாட்டி கேட்கவில்லை, மடியிலிருந்து எடுத்த நோட்டை விசைப்பலகையின் அடியில் செருகிவிட்டுப் போய்விட்டார்.

விடுமுறையில் எஞ்சியிருந்த நாட்களில், அழிந்த படிவங்களை மீட்கும் வேலையில் இறங்கினோம். பழைய வாடிக்கையாளர் வீடுகளுக்குச் சென்று, ‘அண்ணன் அடித்துத் தந்த மனுவின் நகல் இருந்தால் தாருங்கள்’ என்று கேட்டு வாங்கி வந்தேன். இரவில் நான் படிக்க அண்ணன் அடித்தார். முப்பத்தொரு படிவங்கள் திரும்பக் கிடைத்தன. ஒன்று மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. அண்ணன் தமக்கென்று தொகுத்து வைத்திருந்த சொற்பட்டியல் அது. மலையாளப் பத்திரங்களில் வரும் நிலச் சொற்களும், அவற்றுக்கு நேரான தமிழும். தாளில் அதற்குப் பிரதியே எடுத்ததில்லை.

“நினைவில் உள்ளதை எழுதலாமே” என்றேன் தயங்கியபடி.

அண்ணன் புதிய கோப்பைத் திறந்தார். முதல் வரியில் ‘நிலம்’ என்று அடித்தார். நம் தமிழில் அது எந்த மண்ணுக்கும் பொது. அங்குள்ள பத்திரத்தில் ‘நிலம்’ என்றால் நெல் விளையும் வயல். இதை அறியாதவர் எழுதினால் வயல் மனையாகிவிடும், அண்ணன் தம்பி வழக்காகிவிடும் என்றார். அடுத்த வரியில் ‘புரயிடம்’. அதற்கு நேராக என்ன எழுதியிருந்தோம் என்று வெகுநேரம் யோசித்தார். பிறகு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

இப்போது அக்கோப்பைத் திங்கள்தோறும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பி வைக்கிறார். அண்மையில் வந்ததில் நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள் இருந்தன. பழையதில் எத்தனை இருந்தன என்று நான் இதுவரை கேட்கவில்லை.