எந்த வலி?

டோக்கியோவின் புன்க்யோ வட்டாரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடி அறை. செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனேன். தரையில் மெத்தை, சுவரோரம் மடித்து வைத்த பருத்தித் துணிகள். எண்ணெய் வாடையே இல்லை. ஷியாட்சுவுக்கு எண்ணெயும் வேண்டாம், சட்டையைக் கழற்றவும் வேண்டாம். ‘ஷி’ என்றால் விரல், ‘ஆட்சு’ என்றால் அழுத்தம்.

சிகிச்சை தருபவர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, பார்வையற்றவர். ஜப்பானில் உடம்பு பிடித்துவிடும் தொழில் பல நூற்றாண்டுகளாகப் பார்வையற்றோரின் பிழைப்பு. அவர்களுக்கான பள்ளிகளில் இன்றும் இது ஒரு படிப்பு. இவரும் அங்கே மூன்று வருடம் படித்து, அரசுத் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்.

ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். கழுத்தில் ஆரம்பம். அமுக்கினார் என்று சொன்னால் சரியாக இருக்காது. கட்டைவிரலை ஊன்றி, தன் உடம்பின் பாரத்தை மெல்ல அதன்மேல் சாய்த்தார். மூன்று நான்கு விநாடி கழித்து அதே நிதானத்தில் எடுத்தார். தோள்பட்டையருகே ஓரிடத்தில் விரல் பட்டதும் ‘இத்தாய்!’ என்று கத்திவிட்டேன். வலிக்கிறது என்று சொல்ல ஜப்பானிய மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் அது.

“எந்த இத்தாய்?” என்று கேட்டார்.

விண்விண்ணென்று தெறித்தால் ‘ஸுக்கிஸுக்கி’யாம். ஊசி குத்தினாற்போல இருந்தால் ‘சிக்குசிக்கு’. கரண்ட் ஓடினால் ‘பிரிபிரி’. சுருக்சுருக், குடைச்சல், கடுப்பு, உளைச்சல் என்று பிரித்துச் சொல்லும் என் பாட்டி இங்கே படுத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். பத்துக்கு எத்தனை வலி என்று ஆஸ்பத்திரியில் மார்க் போட்டுப் பழகிய நான்தான் திணறினேன்.

அவர் கேட்டது சும்மா இல்லை. வலித்தாலும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று தோன்றும் சுகமான வலிக்கு ‘இத்தாகிமொச்சீ’ என்று பெயர். அங்கே விரல் நிற்கலாம். விரல்நுனி வரை மின்சாரம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ நரம்பின் மேல் இருக்கிறோம் என்று அர்த்தம், உடனே விலக வேண்டும். காய்ச்சல், எலும்பு முறிவு, காலில் ரத்தக்கட்டி என்றால் தொடவே மாட்டாராம்.

“ராத்திரி சரியாகத் தூங்கவில்லையா?” என்றார் திடீரென்று. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. தூக்கம் கெட்டால் அதே அழுத்தம் கூடுதலாக உறைக்கும் என்றார்.

போன மாதம் வேறொரு மலிவுக் கடையில் பட்ட பாட்டைச் சொன்னேன். பலமாக அமுக்கினால்தான் காசுக்குப் பிரயோஜனம் என்று நானே கேட்டு வாங்கியது. மறுநாள் கழுத்து திரும்பவில்லை. போன் செய்தபோது, உள்ளே இருக்கும் கெட்டதெல்லாம் வெளியேறுகிறது என்றார்கள். சென்செய் என்று நான் அழைக்கும் அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். அது ‘மொமிகாயெஷி’யாம், அளவுக்கு மீறி அமுக்கியதில் தசை புண்ணாகிப் போவது. ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் அதை வைத்தியம் பலித்ததற்கு அடையாளம் என்று நம்புவது அபத்தம் என்பது அவர் கட்சி. இப்போது என் கட்சியும். உரிமம் இல்லாதவர்கள் பலகையில் ஷியாட்சு என்று எழுதச் சட்டம் விடாது. அதனால் ‘ரிலாக்சேஷன்’ என்றோ ‘மொமிஹொகுஷி’ என்றோ எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு அன்று பலகையைப் படிக்கத் தெரியவில்லை.

இதே புன்க்யோ வட்டாரத்தில்தான் தொகுஜிரோ நமிகோஷி 1940இல் தொடங்கிய ஷியாட்சு பள்ளி இருக்கிறது. மூட்டுவலியில் துடித்த அம்மாவைச் சிறுவனாக அமுக்கிவிட்டுத் தொழில் கற்றவர். 1954இல் ஜப்பான் வந்த மர்லின் மன்றோவுக்கும் வைத்தியம் பார்த்தாராம். புகைப்படங்களில் நமிகோஷியின் கட்டைவிரல் வில்லாகப் பின்னுக்கு வளைந்திருக்கும்.

சென்செயின் விரலும் அப்படித்தான். முப்பது வருட உழைப்பு. கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன்: “உங்கள் விரல் வலிக்காதா?”

கட்டைவிரலின் அடிமூட்டை மறு கையால் பிடித்துக்கொண்டார்.

“மழை நாளில் மட்டும், சிக்குசிக்கு.”