எங்கள் ஏட்டையா அத்தான்



சென்ற மாதம் என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்தான், தமது 74-வது வயதில் காலமான செய்தியை இங்கே சுருக்கமாகப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுப் பலர் பேசினீர்கள். "டீச்சர், நம்ம ஸ்கூலுக்கு வந்து பெருவிரல் ரேகை எடுத்தாங்களே, அந்த ஏட்டையாவா?" என்று நான்கைந்து பேர் கேட்டீர்கள். ஆமாம், அவர்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

அத்தான் 1972-ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர். 1978-ல் அக்காவைக் கல்யாணம் செய்தபோது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். 1983-ல் குற்றப்பிரிவுக்குப் போனார். அதற்குப் பிறகு பெரும்பாலும் மஃப்டிதான். களவு, கன்னக்கோல், சங்கிலி பறிப்பு, வீடு உடைப்பு, இவைதான் அவர் வேலை. சினிமாவில் வருகிற மாதிரி துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடியதில்லை. அடகுக்கடை அடகுக்கடையாக ஏறி இறங்குவார், பேரேட்டைப் புரட்டுவார், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்பார். 2009-ல் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றார். ஆனாலும் எங்கள் தெருவுக்கு அவர் கடைசி வரை ஏட்டையாதான்.

போலீஸ்காரர் வீட்டுத் தீபாவளி எப்படி இருக்கும் என்பது அக்காவைக் கேட்டால்தான் தெரியும். ஊரெல்லாம் வெடிச்சத்தம் கேட்கும்போது அத்தான் கடைத்தெருவில் பிக்பாக்கெட்டுக் கும்பலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கந்த சஷ்டி வந்தால் திருச்செந்தூர் பந்தோபஸ்து. அந்த வீட்டில் தீபாவளி என்பது அவர் லீவு கிடைத்து வருகிற நாள்தான். பிள்ளைகள் புதுத்துணியைத் தொடாமல் காத்திருப்பார்கள். வந்தாரானால், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், மகளுக்கு அவர் கையாலேயே எண்ணெய் தேய்த்துத் தலை பின்னி விடுவார். இரட்டைச் சடை கோணாமல் பின்னுவதில் அக்காவை விட அவர் கெட்டிக்காரர்.

இனி 1994-க்கு வருகிறேன். அந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். சுற்றுலாவுக்காக ஓர் ஆசிரியர் பிள்ளைகளிடம் வசூலித்து வைத்திருந்த பணம் காணாமல் போனது. உடனே எல்லோர் கண்ணும் ஒரு பையன் மேல் போனது. காரணம், அவன் பணம் கட்டவில்லை. சட்டையில் பொத்தான் இல்லை. அப்பா ஊரில் இல்லை. வேறொன்றும் இல்லை. அவன் பையைக் கொட்டிப் பார்க்க வேண்டும், அவன் அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்று பேச்சு நடந்தது. பையன் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். அத்தான் அன்றைக்கு எனக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொடுக்க வந்திருந்தார். யாரையும் அதட்டவில்லை. அந்த ஆசிரியரிடம் மட்டும், "சார், பணத்தைக் கடைசியா எண்ணினது எத்தனை மணிக்கு? எங்க உக்காந்து எண்ணினீங்க? கையில வேற என்ன இருந்துது?" என்று நிதானமாகக் கேட்டார்.

வேறென்ன, வருகைப் பதிவேடுதான் இருந்தது. அதன் பழுப்பு அட்டைக்குள் நோட்டுகள் அப்படியே சொருகியிருந்தன.

அதோடு அவர் போய்விடவில்லை. பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, ஆபீசிலிருந்து ஸ்டாம்ப் பேடு வாங்கி, ஒவ்வொருவர் பெருவிரலையும் வெள்ளைத்தாளில் பதித்தார். முதலில் கூப்பிட்டது அந்தப் பையனை. "நீதான் இன்னைக்கு எனக்கு அசிஸ்டென்ட்" என்றார். வளையம், சுழல், வில் என்று ரேகையில் மூன்று வகை உண்டு என்று காட்டினார். நூறு பேரில் ஏறக்குறைய அறுபது பேருக்கு மேல் வளையம்தான், வில் ஐந்து பேருக்கு இருந்தால் அதிகம் என்றார். ஒரே அச்சாகப் பிறந்த இரட்டையருக்குக்கூட ரேகை ஒன்றாக இருக்காது என்றதும் நீங்கள் எல்லோரும் வாயைப் பிளந்தீர்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் முகப்பவுடரைத் தூவி, மெல்ல ஊதி, அதில் ஒட்டியிருந்த ரேகையையும் காட்டினார்.

டீச்சர் புத்தி போகாது, ஒரு தகவலையும் சொல்லிவிடுகிறேன். உலகின் முதல் கைரேகைப் பிரிவு லண்டனில் தொடங்கவில்லை. 1897-ல் கல்கத்தாவில்தான் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் போலீஸ் அதிகாரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்த முறைக்கு நிலைத்த பெயரோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயர். அத்தான் இதை எத்தனை முறை சொன்னாலும், "உழைச்சது ஏட்டு, பேரு வாங்கினது ஐயா. எல்லா ஊர்லயும் அப்படித்தான்" என்று சிரிப்பார்.

அன்று மாலை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, "அந்தப் பையன் எடுக்கலைன்னு எப்படி அத்தான் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன். "கண்டுபிடிக்கல. சந்தேகப்படக் காரணம் ஒண்ணுமில்லைன்னு மட்டும் தெரிஞ்சுது" என்றார். பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அதற்கப்புறம்தான் அந்தக் கதையைச் சொன்னார்.

இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். ஆகவே இதை எழுதலாமா என்று அவர் மகளிடம் கேட்டேன். "எழுதுங்க சித்தி. அப்பாவே எங்களுக்குச் சொன்னதுதானே. மறைக்க வேண்டாம்" என்றாள்.

1979-ல் அவர் சாதாரணக் காவலர். ஒரு வீட்டில் சங்கிலி காணாமல் போனது. அந்த வீட்டுக்கு டீ கொண்டு போகிற கடைப் பையன் ஒருவனைப் பிடித்து வந்தார்கள். வயது 19 இருக்கும். மேலே இருந்தவர் அடிக்கச் சொன்னார். அத்தான் அடித்தார். "அவர் சொன்னாருங்கறது சாக்கும்மா. கை என்னுதுதானே" என்றுதான் என்னிடம் சொன்னார். இரண்டாம் நாள் ராத்திரி பையன் ஒத்துக்கொண்டான். எங்கே வைத்தாய் என்றால் கிணற்றடி என்றான். தோண்டினார்கள், இல்லை. புளியமரத்தடி என்றான். அங்கேயும் இல்லை. இப்படி நாலு இடம். எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. அடி நின்றால் போதும் என்று வாயில் வந்த இடத்தையெல்லாம் சொல்லியிருக்கிறான். இரண்டு வாரம் கழித்து அந்தச் சங்கிலி ஓர் அடகுக்கடையில் கிடைத்தது. வைத்தது அந்த வீட்டுச் சொந்தக்காரன் ஒருவன்.

பையனை விட்டுவிட்டார்கள். ஆனால் அவனுக்கு வலது காது கேட்காமல் போய்விட்டது.

அத்தான் அவன் வீட்டுக்குப் போனார். அவன் அம்மா வாசலில் நின்று இவரைப் பார்த்தாளாம். திட்டவில்லை, அழவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். "அவ திட்டியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்" என்றார் அத்தான். அதற்குப் பிறகு முப்பது வருடம் வேலை பார்த்தார். யார் மேலும் கை வைக்கவில்லை. இதனால் கெட்ட பெயரும் வாங்கினார், ஒன்றிரண்டு மாறுதலும் வாங்கினார். வேகம் போதாது என்று ஒதுக்கியும் வைத்தார்கள்.

போலீசிடம் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று 1872-ஆம் வருட சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது, 25-வது பிரிவு. 27-வது பிரிவு ஒரு விலக்குத் தந்தது: காவலில் இருப்பவன் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைக் காட்டித் தந்த பகுதி மட்டும் செல்லும். "வெள்ளைக்காரனே எங்களை நம்பல பாத்தியா? நம்பாததுதான் சரி" என்பார். பிள்ளைகள் இருவருக்கும் பத்தாம் வகுப்பு முடிந்ததும் உட்கார வைத்து இந்தக் காது கேளாத பையன் கதையைச் சொன்னார். அப்பா யார் என்று வெளியார் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது அவர் எண்ணம்.

அவர் விசாரிக்கும் முறையை நான் வகுப்பறையில் நிறையப் பயன்படுத்தியிருக்கிறேன். "பதிலைக் கேள்விக்குள்ள வச்சுக் கேக்காத" என்பார். 'நீதானே தள்ளினே?' என்றால் குழந்தை பயத்தில் ஆமாம் என்று சொல்லும். 'என்ன நடந்துது, முதல்ல இருந்து சொல்லு' என்றால் நடந்ததைச் சொல்லும். நடுவில் குறுக்கிடக் கூடாது. உங்களில் சிலருக்கு இப்போது புரியும், உங்கள் சண்டைகளை நான் ஏன் அவ்வளவு பொறுமையாகக் கேட்டேன் என்று.

2019-லிருந்து அக்காவுக்கு ஞாபகம் தவற ஆரம்பித்தது. இருவரின் சமையலும் மருந்தும் அத்தான் கைக்கு வந்தன. மகனும் மகளும் எவ்வளவு கூப்பிட்டும் போகவில்லை. "இருபத்தெட்டு தீபாவளி அவ தனியா இருந்தா. இனி நான் ட்யூட்டி பாக்கேன்" என்றார்.

பதினாறாம் நாள் முடிந்து அலமாரியைத் துடைத்தபோது ஆறு டைரிகள் கிடைத்தன. புலனாய்வு செய்யும் அதிகாரி கேஸ் டைரி எழுத வேண்டும் என்பது சட்டம். எத்தனை மணிக்குத் தகவல் வந்தது, எப்போது தொடங்கினார், எப்போது முடித்தார், எங்கெங்கே போனார், என்ன தெரிந்தது என்று நாள்தோறும் குறிக்க வேண்டும். அத்தான் அதே மாதிரி அக்காவுக்கு எழுதி வைத்திருக்கிறார். ஒரு நாள் மட்டும் தருகிறேன்:

"காலை 6.10 எழுந்தாள். 6.40 காபி, பாதி குடித்தாள். 7.30 என் பெயர் கேட்டாள். சொன்னேன். 9.15 மறுபடி கேட்டாள். சொன்னேன். மாலை 5.00 வாசலில் உட்கார்ந்தோம். பழைய வீட்டு முருங்கைமரம் பற்றித் தானாகவே சொன்னாள். சரியாகச் சொன்னாள். இரவு 9.20 தூங்கினாள். சர்க்கரை 142."

எங்கேயும் அலுப்பு என்று ஒரு சொல் இல்லை.

கடைசி வரை படித்தவர் அவர். 2024 ஜூலை 1-ல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்ததும், 73 வயதில் புத்தகம் வாங்கிப் பென்சிலால் கோடு போட்டு எண்களை மனப்பாடம் செய்தார். "420-ஐயே 318 ஆக்கிட்டானே, இனி ஒருத்தனை எப்படித் திட்டுறது?" என்று எங்களைச் சிரிக்க வைத்தார். 25-ம் 27-ம் புதிய சட்டத்தில் 23 என்ற ஒரே பிரிவுக்குள் வந்திருப்பதைக் காட்டி, "நம்பர்தான் மாறிருக்கு. சங்கதி அப்படியேதான் இருக்கு" என்றார். அதில் அவருக்கு நிம்மதி.

அக்கா இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள். தினமும், "அவங்க இன்னும் வரலையா?" என்று கேட்கிறாள். "ட்யூட்டிக்குப் போயிருக்காங்கம்மா" என்று மகள் சொல்கிறாள். முப்பது வருடம் கேட்டுப் பழகிய பதில் என்பதால் அக்கா தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறாள். டைரியை இப்போது மகள் எழுதுகிறாள், அதே நேரக்கணக்கோடு.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். அன்றைக்குப் பதித்த ரேகைத் தாளில் ஒவ்வொன்றின் கீழும் அத்தான் தம் கையெழுத்தில் வளையம், சுழல் என்று எழுதிக் கொடுத்தார். யாரிடமாவது அது பத்திரமாக இருந்தால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அவர் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

அந்தப் பொத்தான் இல்லாத பையனும் இதைப் படிப்பான். அவனைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். செய்தி கேட்டு வெளியூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்து, இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்தான். நல்லா இரு தம்பி.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்