யானை கட்டித் தீனி போட்ட கதை

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்துவிட்டு, "இது யாரோட வண்டி?" என்றுதான் கேட்கிறார்கள். "உங்களுதா?" என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. என் நெற்றியில் பி.காம். என்று எழுதியிருக்கிறது போலும்.

என்னுடையதுதான் சார். யாரோ ஒரு பணக்காரர் ஏழு வருஷம் ஓட்டி அலுத்துப்போய் விற்றதை, 2020-ல் 17 லட்சம் கொடுத்து வாங்கினேன். நாலு சக்கரமும் இழுக்கிற சொகுசு வண்டி. புதிதில் 60 லட்சத்துக்கு மேல். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். கீழே எழுதப்போவதைப் படித்து அவர்கள் மனசு கஷ்டப்படுவானேன்?

எட்டுப் பத்து சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. கட்டிக் கொடுத்து, மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு 17 லட்சம் ஏது? மன்னார்குடி பக்கம் எங்கள் பங்கு நிலம் போன காசு. "நிலம் வித்த காசு நிக்காதுடா. எதையாவது நிக்கிற மாதிரி வாங்கு" என்றார் அப்பா. வாங்கினேன். வாசலில் நிற்கிறது.

விளையாட்டுக்காக வாங்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது வேளச்சேரியில் எங்கள் கீழ்ப் போர்ஷனுக்குள் தண்ணீர் வந்தது. அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்து தலை சுற்றல். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நானும் பக்கத்து வீட்டுப் பையனும் முன்னும் பின்னும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். பாதி வழியில் நாற்காலியின் ஒரு கால் உடைந்தது. அப்பா பொதுப்பணித்துறையில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். தண்ணீர் வடிந்ததும் அவர் செய்த முதல் வேலை, ஏரி மதகில் இருக்குமே, அது மாதிரி கேட் தூணில் சென்டிமீட்டர் அளவு குறித்து பெயின்ட் அடித்தது.

வண்டி வந்த அன்று நான் பெருமையாக, "அடுத்த வெள்ளத்துக்கு நாற்காலி தேவையில்லப்பா. 70 சென்டிமீட்டர் தண்ணியில இது போகும்னு புரோஷர்லயே போட்டிருக்கான்" என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் தூணில் 70-க்கு நேராக ஒரு சிவப்புக் கோடு.

சுகங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உட்காருகிற உயரம்! பஸ் டிரைவர் கண்ணுக்கு நேராக நம் கண். முன்னால் மூன்று வண்டி தாண்டி என்ன நடக்கிறது என்று தெரியும். கண்ணாடியை ஏற்றினால் சென்னையே வாயை மூடிக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் செக்யூரிட்டி ஓடிவந்து இரண்டு ஸ்கூட்டரை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுப்பார்.

ஆனால் அந்த மண்டபத்தில் 101 ரூபாய் மொய் எழுத முடியாது. 1,001-க்குக் கீழே போனால், "இவ்ளோ பெரிய வண்டியில வந்து..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். பெட்ரோல் பங்க்கில் பையன் சல்யூட் அடித்து, "டேங்க் ஃபுல்லா சார்?" என்பான். "ஆயிரத்துக்கு டீசல் போடுப்பா" என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்காது. ஊருக்குள் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

இதைவிட மோசம் ஒன்று நடந்தது. எனக்குப் பழைய வாடிக்கையாளர் ஒருவர், ஹார்டுவேர் கடை. ஒருநாள் அவர் கடை வாசலில் இந்த வண்டியில் போய் இறங்கினேன். அடுத்த மாதம் கணக்கை வேறு ஆளிடம் மாற்றிவிட்டார். கேட்டதற்கு, "கணக்கு எழுதுற தம்பி இந்த வண்டியில வந்தா, என் கணக்குல என்னமோ நடக்குதுன்னுதானே அர்த்தம்?" என்றாராம். அதிலிருந்து கடைகளுக்குப் போகும்போது வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்துதான் போகிறேன்.

ஆபீஸ் நண்பர்களுக்காகக் கொஞ்சம் மெக்கானிக் பாஷை. சாதாரண காரில் டிஃபரென்ஷியல் என்று ஒன்று உண்டு. திருப்பத்தில் உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டுமே, அதற்கான ஏற்பாடு. அதற்கு ஒரு கெட்ட குணம். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், சுற்றெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய்விடும். உருப்படாத பிள்ளைக்கே குடும்பம் எல்லாச் சொத்தையும் கொட்டுகிற மாதிரி. நல்ல சக்கரம் சும்மா நிற்கும். நாலு சக்கர வண்டியில் 'லாக்' போட்டால் அந்தச் சலுகை ரத்து. வழுக்காத சக்கரத்துக்கும் பங்கு வந்து சேரும். கூடவே 'லோ ரேஞ்ச்' என்று ஒரு தனிக் கியர். நடக்கிற வேகத்தில் மாடு மாதிரி இழுக்கும்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். நாலு சக்கரமும் இழுக்கும் என்றால் கிளம்புவதற்கும் ஏறுவதற்கும்தான் உதவி. நிற்பதற்கு இல்லை. பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்தில்தான் இருக்கிறது. சொல்லப்போனால் இது இரண்டு டன்னுக்கு மேல் கனம். ஈர ரோட்டில் மாருதிக்காரரைவிட நான்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

இந்த ஜாதி வண்டிகள் சொகுசுக்காகப் பிறந்ததே இல்லை என்பது வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முதல் லேண்ட் ரோவர் 1948-ல் விவசாயிகளுக்காக வந்தது. யுத்தம் முடிந்து இங்கிலாந்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பு அலுமினியம். 1970-ல் கொஞ்சம் வசதியாக ரேஞ்ச் ரோவர் செய்தார்கள். அதிலும் ரெக்ஸின் மாதிரியான சீட், தரையில் ரப்பர் விரிப்பு. வயலிலிருந்து வந்தால் உள்ளே ஹோஸ் பைப் போட்டுக் கழுவிவிடலாம். (அந்தக் கம்பெனியே 2008-ல் நம் டாடாவிடம் வந்துவிட்டது, அது தனிக் கதை.) கழுவுகிற வண்டியாக ஆரம்பித்தது, வருஷம் போகப் போகத் தொடக்கூடாத வண்டியாக ஆகிவிட்டது. என் வண்டியில் சந்தன நிறத் தோல் சீட். என் பையன் அதில் முறுக்கு தின்னக்கூடாது.

சரி, கணக்குக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். வருமான வரிக்காரர்கள் காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் என்கிறார்கள். 17 லட்சம் மூன்று வருஷத்தில் 10 லட்சத்து 44 ஆயிரம் ஆகும். புத்தகக் கணக்கு அப்படி. போன மாதம் ஒரு புரோக்கர் வண்டியைச் சுற்றி வந்து, டயரை உதைத்து, ஆறு என்றார். டயர் என்றதும் ஞாபகம் வருகிறது. எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரு டயரை மட்டும் மாற்றினால் உருளும் அளவு வித்தியாசப்பட்டு உள்ளே பல்சக்கரங்கள் கெடும் என்று நாலையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். ஒரு லட்சத்து பத்தாயிரம்.

புதிதாக வாங்குகிற உத்தேசம் இருந்தால் (இருக்கட்டுமே, கனவுக்கு வரி கிடையாது) இதையும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்.யு.வி.க்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து 50 இருந்தது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்கால வரி 2023 நவம்பரிலிருந்து 20 சதவீதம். அதாவது 60 லட்ச ரூபாய் வண்டிக்கு 12 லட்சம் ரோடு வரி. அந்த 12 லட்சத்துக்கே ஒரு நல்ல கார் வாங்கி ஓட்டலாம்.

எல்லாவற்றையும்விட என்னை அழவைத்தது ஏர் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் வண்டி எருமை மாதிரி தரையோடு படுத்திருக்கிறது. எழுப்ப ஒரு லட்சத்து எண்பதாயிரம். என் மனைவி பில்லை இரண்டு தடவை படித்தாள். "ஏங்க, காத்துக்கா?" என்றாள்.

கட்டினேன். ஏனென்றால் அதே காற்றுப் பைதான் இந்த வண்டியின் ஒரே நிஜமான சுகம். ஒரு பட்டனை அழுத்தினால் வண்டி மெதுவாகத் தாழும், பாகனுக்கு யானை மண்டியிடுவது போல. 2022-லிருந்து அப்பாவுக்கு டயாலிசிஸ், செவ்வாயும் வெள்ளியும். நாலு மணி நேரம் மெஷினில் படுத்துவிட்டு வெளியே வரும்போது காலில் தெம்பே இருக்காது. ஆட்டோவில் குனிய முடியாது. இது தாழ்ந்து நிற்கும். அவர் மெல்லச் சாய்ந்து உள்ளே நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். வீடு வரை ஒரு குலுக்கல் இருக்காது. நடுவழியில் தூங்கிவிடுவார். நிலம் விற்ற காசைப் பற்றி அந்த நேரத்தில் பேச்சு வராது.

இடையில் 2023 பிப்ரவரியில் கொழுக்குமலை போனோம். தேனி மாவட்டத்து மலைதான். ஆனால் வண்டி ஏறும் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. ஏறக்குறைய 8,000 அடி உயரம், தேயிலைத் தோட்டம், பாதை முழுக்க உருளைக்கல். என் யானை பிறந்ததே இதற்குத்தான் என்று வந்தேன். சொந்த வண்டிகளை மேலே விடுவதில்லை, வாடகை ஜீப்தான் என்றார்கள். ஒரு கிழட்டு ஜீப்பில் எலும்பெல்லாம் இடம் மாற ஏறினோம். டிரைவர் பையன் கீழே நின்ற என் வண்டியைப் பார்த்துவிட்டு, "உங்களுதும் ஏறும் சார். ஆனா ஏத்த மனசு வருமா?" என்றான்.

சிரித்தேன். உள்ளுக்குள் 'அப்பாடா' என்றிருந்தது.

2023 டிசம்பர் 3, ஞாயிறு. மிக்ஜாம் புயல். சாயங்காலமே வேளச்சேரி மேம்பாலத்தில் இரண்டு பக்கமும் கார்கள் வரிசை கட்டிவிட்டன. நானும் போனேன். ஒரு ஆல்டோவுக்கும் ஒரு கால்டாக்ஸிக்கும் நடுவில் நுழைத்து நிறுத்தி, உறை போட்டு, கயிறு கட்டி, கொட்டும் மழையில் நடந்து வந்தேன். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"வண்டி எங்கடா?"

"மேம்பாலத்துலப்பா. சேஃபா இருக்கு."

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "வெள்ளத்துக்குன்னுதான வாங்கினே?" என்றார். கோபமெல்லாம் இல்லை. சந்தேகம் கேட்கிற குரல்தான்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சரியான பதிலும்கூட. என்ஜின் காற்றை உறிஞ்சும் இடத்தில் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் அதை அழுத்தப் பார்க்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. உள்ளே கம்பி வளையும், என்ஜின் காலி. சாதாரண இன்ஷூரன்ஸில் இதற்குப் பெரும்பாலும் பணம் வராது. 'என்ஜின் பாதுகாப்பு' என்று தனியாகச் சேர்க்க வேண்டும். என் வண்டிக்கு வயசாகிவிட்டது என்று சேர்க்க மறுத்துவிட்டார்கள். புது என்ஜின் ஒன்பது லட்சம்.

திங்கட்கிழமை வீட்டுக்குள் தண்ணீர். மாடி வீட்டுக்காரர் பெரிய மனசு பண்ணி இடம் கொடுத்தார். அப்பா பால்கனியில் உட்கார்ந்து மணிக்கொரு தடவை தூணைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் 85. சிவப்புக் கோடு தண்ணீருக்குள். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை.

மறுநாள் செவ்வாய். டயாலிசிஸ் நாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நாலு நாள் ஆகிவிட்டது. கால் வீங்கி, மூச்சு கொஞ்சம் இழுத்தது. மழை விட்டிருந்தது. காலையில் தூணை எட்டிப் பார்த்தார்.

"அறுபத்திரண்டு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "எழுபதுன்னு சொன்னியே?"

நான் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. நின்றேன். தெருமுனையில் பள்ளம் இருக்கிறது, அங்கே எண்பதாவது இருக்கும். ஒன்பது லட்சம். புரோஷரில் எழுதிய எழுபது புது வண்டிக்கு, பத்து வருஷ ரப்பர் தாங்குமா? ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் என்ஜின், வரவு செலவு போட்டேன். அரை நிமிஷம் இருக்கும். ஆனால் போட்டேன். நான் போடுவதை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷம் குமாஸ்தா. கணக்குப் போடும் முகம் அவருக்குத் தெரியாதா?

"போய் எடுத்துட்டு வந்துடறேம்பா" என்று ஒருவழியாக நான் சொன்னபோது தெருவில் விசில் சத்தம். ரப்பர் படகு. இரண்டு பையன்கள் இடுப்பில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அப்பா எனக்கு முன்னால் கையைத் தூக்கினார்.

படகில் ஏறும்போது குனியவேண்டியிருந்தது. குனிந்தார். மெயின் ரோட்டு மேட்டில் இறக்கிவிட்டார்கள். ஓர் ஆட்டோ கிடைத்தது. இருநூறு ரூபாய் ஜாஸ்தி கேட்டார், தலையாட்டினேன். அதிலும் குனிந்து ஏறினார். ஆட்டோ மேம்பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கார்கள், நடுவில் ஆட்டோ போகிற அளவுக்கு வழி. என் வண்டியின் மூக்கில் ஆல்டோவும் வாலில் கால்டாக்ஸியும் ஒட்டிக்கொண்டிருந்தன. போயிருந்தாலும் எடுத்திருக்க முடியாது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

உறை பறந்து போயிருந்தது. கழுவிவிட்ட மாதிரி பளபளவென்று நின்றது. ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார்.

"யாருதுங்க பெரியவரே இது? இவ்ளோ பெரிய வண்டி. இது தண்ணியில போவாதா?"

அப்பா மூச்சு வாங்க, சிரித்தபடி சொன்னார்:

"அதெல்லாம் போகும் தம்பி. நனையக்கூடாது, அவ்ளோதான்."